வண்டி நிற்கும்போதுதான் மிஸ்ஸிங் தெரியும்: இதய பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு சும்மா இருக்கையில் வரும் படபடப்பைக் கவனிப்பது எப்படி

27 வருஷம் அரசு பஸ் ஓட்டியவன் நான். கோவில்பட்டியில் எடுத்தால் திருநெல்வேலி, இல்லையென்றால் மதுரை. ஓடுகிற வண்டியில் மிஸ்ஸிங் தெரியாது. கயத்தாறு தாண்டி டாப் கியரில் போகும்போது ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் சத்தத்தோடு சத்தமாகப் போய்விடும். பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி ஐட்லிங்கில் விட்டால்தான், ஸ்டியரிங்கில் வைத்த கைக்கு அந்த உதறல் தெரியும்.

நெஞ்சும் அப்படித்தான் என்பது பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. பகலில் ஒன்றும் இல்லை. வாசலில் நடப்பேன், பேப்பர் படிப்பேன், பேரனோடு பேசிக்கொண்டிருப்பேன். ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்தால் உள்ளே ஆரம்பித்துவிடும். ஆபரேஷன் முடிந்த 19-வது நாள், ராத்திரி இரண்டு பத்துக்கு, மல்லாந்தே படுத்து அலுத்துப்போய் மெல்ல இடது பக்கம் சாய்ந்தேன். நெஞ்சுக்குள் மீன் புரண்ட மாதிரி ஒரு துள்ளல். அப்புறம் எதுவுமே இல்லை. நின்றே போச்சு என்று நினைத்தேன். அதற்குள் 'தொம்' என்று ஓர் அடி, தொண்டை வரைக்கும் தெரிந்தது.

"என்னங்க, எந்திரிச்சு உக்காந்துட்டீங்க?" என்றாள் வீட்டம்மா.

"ஒண்ணுமில்ல, தண்ணி வேணும்."

பொய். அந்தத் தண்ணிப் பொய்யிலேயே மூன்று ராத்திரி ஓடியது. டாக்டரிடம் சொன்னால் மறுபடி ஐசியூவில் போட்டுவிடுவார்கள் என்ற பயம். சொல்லாமல் இருந்ததால் பயம் குறையவும் இல்லை. நாலாம் நாள் மருமகள் கேட்டாள்: "மாமா, தினமும் ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி குடிக்கிறீங்களே, சுகர் செக் பண்ணுவமா?" அப்போதுதான் வாயைத் திறந்தேன். அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கவனிக்கவும், எழுதி வைக்கவும், சரியான நேரத்தில் போய்ச் சொல்லவும் கற்றுக்கொண்ட ஒரு டிரைவர், அவ்வளவுதான்.

எப்போது எதையும் யோசிக்காமல் கிளம்ப வேண்டும்

நாடி பார்ப்பது, நோட்டில் எழுதுவதெல்லாம் அப்புறம். முதலில் இது. படபடப்போடு சேர்ந்து மயக்கம் வந்தாலோ, கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சை அழுத்தினாலோ, குப்பென்று வியர்த்தாலோ, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க வராமல் போனாலோ, பேச்சு குழறினாலோ அதுவும் 108 தான். அது பக்கவாதத்தின் அறிகுறி. தாளம் தப்பிய இதயத்தில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போவதால் வரலாம்.

உட்கார்ந்து பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகியும் நாடி நிமிஷத்துக்கு 120-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் வேறு தொந்தரவு இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 50-க்குக் கீழே போய்த் தலை சுற்றினாலும் அப்படித்தான். இவை எனக்குச் சொல்லப்பட்ட எண்கள். உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். சொல்லவில்லை என்றால் அடுத்த முறை போகும்போது கேட்டு, மாத்திரை டப்பா மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

நம்ம ஆட்களுக்கு இன்னொன்று: வண்டியை நீங்களே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 27 வருஷம் ஓட்டிய எனக்கே சாவியைக் கொடுக்கவில்லை, அது சரிதான். பாதி வழியில் மயங்கினால் நம்மோடு போகாது, ரோட்டில் வருகிறவனையும் சேர்த்து இழுக்கும்.

வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது, நெஞ்சு ஒரு மாதிரி செய்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், இதயம் சரியாகிவிடும் என்று. என் சித்தப்பா மகன் ஆபரேஷனுக்கு முந்தின நாளே அனுப்பியிருந்தான். வீட்டில் தனியாக இருப்பவர் செய்து பிழைக்கிற வைத்தியம் அல்ல அது. அதிலும் நெஞ்செலும்பைப் பிளந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிற நமக்கு, தும்மல் வந்தாலே தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூச்சைப் பிடித்து முக்குவது, கழுத்து நரம்பைத் தேய்ப்பது எல்லாமும் டாக்டர் சொல்லிக்கொடுக்காமல் செய்யக் கூடாதவை.

நாடி பிடிப்பது

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது வார்டில் இருந்த ஒரு நர்ஸ் பிள்ளை. "அப்பா, மெஷின் இல்லாட்டியும் உங்க கிட்ட ரெண்டு விரல் இருக்குல்ல" என்றாள்.

முதலில் எழுந்து உட்காருங்கள். காலைத் தரையில் ஊன்றி, முதுகைச் சாய்த்து, இரண்டு நிமிஷம் அப்படியே. படுக்கையிலிருந்து எழுந்த உடனே எண்ணினால் எழுந்ததற்கான வேகமும் கணக்கில் சேர்ந்துவிடும். இடது கையை மடியில் மல்லாத்தி வையுங்கள். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கினால் ஒரு எலும்பு தட்டுப்படும். அதற்கும் நடுவில் ஓடுகிற தசைநாருக்கும் இடையே சின்னப் பள்ளம் இருக்கிறது. அங்கே வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதற்கே சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு. அழுத்தினால் நாடி மறைந்துவிடும். காயாத கோலத்தின் மேல் விரல் வைக்கிற மாதிரி வைத்தால் போதும்.

நொடி முள் உள்ள கடிகாரம் வேண்டும். போனில் பார்க்கலாம் என்று எடுத்தால் யாரோ அனுப்பிய குட்மார்னிங்கில் கை போய்விடும். நான் பழைய எச்எம்டி வாட்சைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவது நேராக அடிக்கிற நாடிக்குச் சரி. நமக்கு வேண்டியது அடி எத்தனை என்பது மட்டும் அல்ல, இடைவெளி எப்படி என்பதும். அதனால் முழு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். எண்ணும்போதே விரலுக்கு மூன்றில் ஒன்று தெரியும்.

ஒன்று, சீராக அடிக்கிறது, ஆனால் வேகம். தண்டவாளத்தில் ரயில் போகிற மாதிரி. 90, 100 என்று இருக்கும். பைபாஸ் முடிந்த முதல் சில வாரங்களில் இது பெரும்பாலானவர்களுக்கு உண்டு. ரத்தம் குறைந்திருக்கும், உடம்பு ஆறிக்கொண்டிருக்கும், வலி இருக்கும். டிஸ்சார்ஜ் அன்று எனக்கு ஹீமோகுளோபின் 9.2. உள்ள ரத்தத்தை வைத்து ஊரெல்லாம் சப்ளை செய்ய வேண்டுமென்றால் இதயம் கூடுதல் டிரிப் அடிக்கத்தானே வேண்டும்.

இரண்டு, சீராகப் போய்க்கொண்டே இருந்து நடுவில் ஒன்று விட்டுப் போகிறது. 'டப், டப், டப்,' பிறகு ஒரு காலி, பிறகு பலமாக ஒரு 'டப்'. எனக்கு வந்தது இதுதான். டாக்டர்கள் எக்டோபிக் என்பார்கள். உண்மையில் அடி விட்டுப்போகவில்லை. முறைக்கு முன்னால் ஒன்று அவசரமாக வந்துவிடுகிறது. அதற்குள் இதயத்தில் ரத்தம் நிரம்பவில்லை என்பதால் மணிக்கட்டு வரைக்கும் அது எட்டுவதில்லை. பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் ரத்தம் நிறைய நிரம்பிக்கொள்வதால் அடுத்த அடி ஓங்கி விழுகிறது. நம்மைத் தூக்கிப் போடுவது அந்த அடிதான்.

மூன்று, ஒழுங்கே இல்லை. ஒன்று கிட்டே, ஒன்று எட்டே, ஒன்று பலமாக, ஒன்று லேசாக. அடுத்தது எப்போது வரும் என்று விரலால் ஊகிக்கவே முடியாது. தகரக் கூரையில் மழைத் துளி விழ ஆரம்பிக்கிற மாதிரி. இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம், ஆஸ்பத்திரியில் ஏஎஃப் என்று சுருக்கிச் சொல்வார்கள். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. இது நின்றுவிட்டாலும், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி ஈசிஜி எடுக்க வேண்டும். விடியட்டும் திங்கட்கிழமை பார்க்கலாம் என்று தள்ளக் கூடாத சங்கதி.

மூன்றாம் நாள் நடந்தது

ஏஎஃப் எனக்குப் புதிது இல்லை. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ஐசியூவிலேயே வந்தது. மானிட்டரில் எண் 78-லிருந்து 140-க்குத் தாவியது, மெஷின் கத்தியது, நாலு பேர் ஓடி வந்தார்கள். எனக்கு நெஞ்சுக்குள் கோழி சிறகடிப்பது போல் இருந்தது, வலி இல்லை. டிரிப்பில் அமியோடரோன் என்ற, தாளத்தைச் சீராக்குகிற மருந்தை ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தானாகச் சீராகிவிட்டது.

டூட்டி டாக்டர் சொன்னதை வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. பைபாஸ் ஆனவர்களில் நூற்றுக்கு 20 முதல் 40 பேருக்கு இது வருகிறது. வால்வு மாற்றியவர்களுக்கு இன்னும் கூடுதல். பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள். ஆபரேஷன் தோல்வி என்று அர்த்தம் இல்லை. இதயத்தைச் சுற்றியுள்ள பையைத் திறந்திருக்கிறார்கள், தொட்டிருக்கிறார்கள், வீக்கம் இருக்கிறது, உடம்பில் நீர் ஏறி இறங்குகிறது, பொட்டாசியமும் மெக்னீசியமும் கூடிக் குறைகின்றன. இத்தனை நடந்தால் மேல் அறை மிரளாமல் என்ன செய்யும்? பலருக்கு நாலு முதல் ஆறு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் பிறகும் வரக்கூடும். அதனால்தான் வீட்டில் நாடி பார்க்கச் சொல்கிறார்கள்.

சும்மா இருக்கும்போது ஏன்

முதல் காரணம் அமைதி. பகலில் மிக்ஸி ஓடுகிறது, டிவி ஓடுகிறது, நம் கவனம் பத்து இடத்தில் இருக்கிறது. ராத்திரி கேட்பதற்கு நெஞ்சு மட்டும்தான். இரண்டாவது, இடது பக்கம் ஒருக்களித்தால் இதயம் நெஞ்சுச் சுவருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும், ஒவ்வொரு அடியும் மெத்தையில் மோதுகிற மாதிரி இருக்கும். நான் வலது பக்கம் ஒரு தலையணையை முட்டுக் கொடுத்துப் படுக்க ஆரம்பித்ததும் பாதி குறைந்தது. அடித்தது குறைந்ததா, தெரிந்தது குறைந்ததா என்றால், பின்னதுதான். அதுவும் லாபம்தானே, தூங்கினேன். மூன்றாவது, ஓய்வில் இதயம் மெதுவாக ஓடுகிறது. அடிக்கும் அடிக்கும் நடுவில் இடம் அதிகம். அந்த இடத்தில் ஓர் அவசர அடி நுழைந்துகொள்கிறது. நடந்தால் வேகம் கூடும், இடம் குறையும், துள்ளல் மறையும்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. நடந்தால் அடங்குகிற துள்ளல் பெரும்பாலும் சாது. நடந்தால் கூடுகிற, மூச்சு வாங்க வைக்கிற துள்ளல் முரடு, உடனே சொல்ல வேண்டும். டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான். அதற்காக ராத்திரி இரண்டு மணிக்குப் படபடக்கும்போது எழுந்து நடந்து சோதித்துப் பார்க்காதீர்கள். பகலில் நடக்கும்போது எப்படி இருக்கிறது என்று கவனித்து வையுங்கள், போதும்.

வால்வு மாற்றியவர்கள் சேதி தனி. வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குச் சித்ரா வால்வு, திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாக்கியது. 1990-லேயே மனிதருக்கு முதல் முதலாகப் பொருத்திவிட்டார்களாம். உலோக வால்வுக்குச் சத்தம் உண்டு. ராத்திரி அவர் கட்டிலிலிருந்து வாட்ச் மாதிரி 'டிக் டிக்' எனக்கே கேட்கும். அந்தச் சத்தம் படபடப்பு அல்ல, அது கேட்க வேண்டும். வழக்கமாகக் கேட்கிற சத்தம் திடீரென்று மங்கினால், அடைத்த மாதிரி ஆனால், அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வால்வில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

டிரிப் ஷீட்

மருமகள் வற்புறுத்தி டாக்டரிடம் போனேன். "எப்படி இருக்குங்கய்யா?" என்றார். "படபடன்னு இருக்கும்மா" என்றேன். "எப்போ? எவ்வளவு நேரம்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" மூன்றுக்கும் "அப்பப்போ" என்று ஒரே பதில். டிப்போவில் வந்து "வண்டி ஒரு மாதிரி இருக்கு" என்று மெக்கானிக்கிடம் சொல்கிற புது டிரைவரை நானே திட்டியிருக்கிறேன்.

அவர் மேஜையைக் காட்டி, "அது எப்படி அடிக்குதோ, இதுல விரலால தட்டிக் காட்டுங்க" என்றார். தட்டினேன். தட், தட், தட், தட்தட்... நிறுத்தி... தட். "இன்னொரு தடவை," என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு ஈசிஜிக்கு எழுதிக் கொடுத்தார். அதிலும் நான் தட்டியதேதான் வந்திருந்தது. நீங்களும் போவதற்கு முன் வீட்டில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். 'படபடப்பு' என்ற ஒரு வார்த்தைக்குள் துள்ளல், விட்டுப்போதல், ஓட்டம், நடுக்கம் எல்லாம் ஒளிந்திருக்கின்றன.

அன்று மாலையே நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். பஸ்ஸில் எழுதுகிற டிரிப் ஷீட் மாதிரியே கட்டம் போட்டேன். தேதி. ஆரம்பித்த நேரம், நின்ற நேரம். நாடி எத்தனை. சீரா, விட்டுவிட்டா, ஒழுங்கில்லையா. என்ன செய்துகொண்டிருந்தேன். கூட என்ன இருந்தது, மயக்கமா, மூச்சா, ஒன்றுமில்லையா. அதற்கு முன் மூன்று மணி நேரத்தில் என்ன சாப்பிட்டேன், என்ன மாத்திரை. கடைசிக் கட்டம் மருமகள் சேர்த்தது: மனசு எப்படி. முதலில் அதைக் காலியாக விட்டேன். பிறகு பார்த்தால் இன்சூரன்ஸ் கிளைம் விஷயமாக மகன் போன் செய்த ராத்திரிகளில் எல்லாம் துள்ளல் அதிகம்.

நல்ல நாளையும் எழுதுங்கள். காலையில் எழுந்து, பல் துலக்குமுன், டீக்கு முன், ஒரு நாடி. அதுதான் உங்கள் ஐட்லிங் எண். எனக்கு மூன்றாம் வாரம் 92, ஆறாம் வாரம் 80, மூன்றாம் மாதம் 70. அந்த எண் இறங்கி வருவதைப் பார்ப்பதே பாதி மருந்து. இறங்கி வந்தது காரணமில்லாமல் ஏறினால் அதுவும் சேதி. காலை எடையையும் பக்கத்தில் குறித்தேன். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது வாரத்தில் இரண்டு கிலோ ஏறி, கணுக்காலும் வீங்கினால் அது சதை அல்ல, நீர் கோத்திருக்கிறது. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பழைய கணக்கில் 100.4, அதுவும் போன் செய்ய வேண்டிய விஷயம். சிலருக்கு வாரங்கள் கழித்து இதயத்தைச் சுற்றியுள்ள பையில் அழற்சி வந்து நீர் சேரும். காய்ச்சல், மூச்சிழுத்தால் நெஞ்சில் குத்தல், வேகமான நாடி என்று வரும்.

நோட்டு காட்டிக்கொடுத்தவை

எழுத எழுத மூன்று திருடர்கள் பிடிபட்டார்கள்.

முதல் திருடன் டீ. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் குடித்த நாளெல்லாம் ராத்திரி நோட்டில் வரி அதிகம். எல்லோருக்கும் டீ இப்படிச் செய்யாது. எனக்குச் செய்தது. நாலு மணியோடு நிறுத்தினேன்.

இரண்டாவது சர்க்கரை. நான் 14 வருஷ சர்க்கரைக்காரன். 31-வது நாள் விடிகாலை நாலு மணிக்குப் படபடப்பு, கை நடுக்கம், பனியனெல்லாம் வியர்வை. நான் நெஞ்சு என்றே நினைத்தேன். மருமகள் விரலில் குத்திப் பார்த்தாள், 62. ராத்திரி சாப்பாடு பாதி சாப்பிட்டுவிட்டு மாத்திரையை முழுசாகப் போட்டிருக்கிறேன். மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்ததும் கால் மணி நேரத்தில் அடங்கியது. சர்க்கரை உள்ளவர்கள் படபடப்பு வந்தால் நாடியோடு குளுக்கோமீட்டரையும் எடுங்கள், 70-க்குக் கீழே என்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். அதிலும் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மெட்டோப்ரோலால் மாதிரி நாடி வேகத்தைக் குறைக்கிற மாத்திரை போடுகிறவர்களுக்குத் தாழ்சர்க்கரையின் படபடப்பு மறைந்துபோகலாம். வியர்வை மட்டும் மறையாது. காரணம் இல்லாமல் வியர்த்தால் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள்.

மூன்றாவது திருடன் நானே. பொங்கல் நேரம், மெட்டோப்ரோலால் அட்டை தீர்ந்துவிட்டது. கடை பூட்டியிருந்தது. "ரெண்டு நாள் போடலேன்னா என்ன, நாடிதான் 70-ல இருக்கே" என்று விட்டேன். நாடி 70-ல் இருந்ததே அந்த மாத்திரையால்தான். மாட்டுப் பொங்கல் அன்று ராத்திரி 118. வண்டியின் பிரேக்கைத் திடீரென்று எடுத்துவிட்ட மாதிரி. இந்த ரக மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது, குறைப்பதானாலும் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான். விட்டுப்போனதற்காக அடுத்த வேளை இரண்டாகப் போடவும் கூடாது. பண்டிகை வருகிறதென்றால் பத்து நாள் முன்னால் வாங்கி வையுங்கள்.

என்னிடம் இல்லாத திருடர்கள் உங்களிடம் இருக்கலாம். மூக்கடைப்புக்கு, சளிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற சில மாத்திரைகளும் டானிக்குகளும் நாடியை ஏற்றிவிடும், ஆஸ்துமா பம்ப்பும் ஏற்றும். பம்ப்பை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருத்தல், மலச்சிக்கலில் முக்குதல், சாராயம் எல்லாமே இந்தப் பட்டியல்தான். துடிப்புக்கு இளநீர் நல்லது, பொட்டாசியம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் தினமும் ஒன்று வெட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். சிறுநீரகம் மந்தமாக உள்ளவர்களுக்கும், சில பிபி மாத்திரைகள் போடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ஏறினாலும் ஆபத்து. கேட்டுக் குடியுங்கள்.

அமியோடரோன் போடுகிறவர்கள் வெயிலில் முழுக்கைச் சட்டையோடு போங்கள், தோல் சீக்கிரம் கருகும். தைராய்டையும் அவ்வப்போது பார்க்கச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தால், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்) பார்க்கிற வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகை என்றால் கீரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று சாப்பிடுவதுதான் தொல்லை, அளவு ஒரே மாதிரி இருக்கட்டும். அமியோடரோனும் அந்த எண்ணை ஏற்றிவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் சொன்ன தேதியில் ரத்தம் பார்க்காமல் விடக் கூடாது.

மெஷின்களை எவ்வளவு நம்புவது

விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் எங்கள் வீட்டில் கொரோனா காலத்திலிருந்து கிடந்தது. ஒரு ராத்திரி அதை மாட்டினேன், நாடி 44 என்று காட்டியது. வீட்டம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். நல்லவேளை தலை சுற்றவில்லை. ஆனாலும் கிளம்பிப் போய் எடுத்தோம். ஈசிஜியில் 88. ஒன்றுவிட்டு ஒன்று அவசர அடியாக வந்துகொண்டிருந்திருக்கிறது. அவசர அடி விரல் நுனி வரை எட்டாததால் மெஷின் பாதியைத்தான் எண்ணியிருக்கிறது. மெஷின் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். போனதும் வீண் இல்லை. அன்று பார்த்த ரத்தத்தில் மெக்னீசியம் குறைவு என்று தெரிந்து அதற்கு மாத்திரை கொடுத்தார்கள்.

பிபி மெஷினில் சில மாடல்களில், தாளம் தப்பினால் துடிக்கிற இதயப் படம் ஒன்று வரும். ஒரு தடவை வந்தால் கை அசைந்திருக்கலாம். ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி பாருங்கள். திரும்பத் திரும்ப வந்தால் ஈசிஜி. தாளம் தப்பியிருக்கும்போது பிபி எண்ணும் ஒவ்வொரு தடவையும் மாறும், மூன்று தடவை எடுத்து மூன்றையும் எழுதுங்கள். ஈசிஜி எடுக்கிற கைக்கடிகாரம் மகன் வாங்கிக் கொடுத்தான். அரை நிமிஷம் விரலை வைத்து அசையாமல் உட்கார்ந்தால் ஒரு கோடு போட்டுத் தருகிறது. வருகிற நேரத்திலேயே பிடித்துவிட முடிகிறது என்பது பெரிய விஷயம். ஆனால் அது மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு அழுத்தும்போது வாட்ச் "இயல்பு" என்று சொல்லிவிட்டதே என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

இதையெல்லாம் தாண்டி டாக்டர் ஹோல்ட்டர் என்ற, ஈசிஜியை விடாமல் பதிகிற கருவியை மாட்டச் சொன்னார். நெஞ்சில் ஒயர்கள், இடுப்பில் ஒரு டப்பா, 24 மணி நேரம், குளியல் கிடையாது. அன்றைக்குப் பார்த்து ஒரு துள்ளல்கூட இல்லை! ரோடெல்லாம் மிஸ்ஸிங் அடித்த வண்டி வொர்க்‌ஷாப் கேட்டுக்குள் நுழைந்ததும் நல்ல பிள்ளை ஆகிவிடுமே, அதே கதை. ஒரு நாள் பிடிபடாவிட்டால் ஒரு வாரம், இரண்டு வாரம் மாட்டுகிற பட்டைகளும் உண்டு. எதை மாட்டினாலும் குட்டித் தூக்கம், மாடி ஏறியது, சண்டை போட்டது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். கோடு மட்டும் போனால் அவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

எனக்கு இரண்டாவது ஹோல்ட்டரில் பிடிபட்டது. அவசர அடிகள் இருந்தன, ஏஎஃப் இல்லை. எக்கோ என்கிற இதய ஸ்கேனில் பம்ப்பிங் நன்றாக இருந்தது. பம்ப்பிங் நன்றாக உள்ளவருக்கு இந்தத் துள்ளல் பெரிதாக ஒன்றும் செய்யாது, இருக்கிற மாத்திரையே போதும் என்றார்கள். பம்ப்பிங் குறைந்தவருக்கு அதே துள்ளலை வேறு மாதிரிப் பார்ப்பார்கள். அதனால் என் கதையை வைத்து உங்களுடையதும் சாது என்று முடிவு கட்டிக்கொள்ளாதீர்கள், உங்கள் எக்கோவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

கதவுக்குப் பின்னால் ஒரு பை

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது போடுகிற மாத்திரைகளின் அட்டை ஒவ்வொன்று, இன்சூரன்ஸ் கார்டு, என் கண்ணாடி, அந்த நோட்டு. ராத்திரி கிளம்ப நேர்ந்தால் யாரும் பீரோவைத் திறந்து தேட வேண்டியதில்லை. ஊரில் இருக்கிற எந்த டாக்டரிடம் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது "பழைய ஈசிஜி இருக்கா?" என்றுதான். புதுசு மாறியிருக்கிறதா என்று பார்க்கப் பழசு வேண்டும்.

அதில் நான் ஒரு தப்பு செய்தேன். மூன்றாம் நாள் ஏஎஃப் வந்தபோது எடுத்த ஈசிஜியைப் பத்திரமாக பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்தப் பையில் வைத்து, பை சாயங்கால வெயில் படுகிற இடத்திலேயே ஒரு கோடை முழுக்கத் தொங்கியது. போன மாசம் எடுத்துப் பார்த்தால் ரோஸ் கட்டங்கள் மட்டும் இருக்கின்றன. கோட்டைக் காணோம். சூட்டில் அச்சாகிற தாளாம் அது, பஸ் டிக்கெட் மெஷினில் வருமே அதே ரகம். கையில் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், போனிலும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.